எந்தத் தரவுத்தளம், எந்தக் கருவி? சென்னை வாசகர்களுக்குப் பதில்கள்

தாம்பரம் வாசகர்: ஐயா, எங்கள் பாத்திரக் கடைக்கு இணையதளம் எழுதுகிறேன். சரக்கும் விலையும் மட்டும்தான். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் வேண்டுமா?

வேண்டாம், எஸ்க்யூலைட் என்ற எளிய தரவுத்தளமே போதும். தனியாக சர்வர் கிடையாது, எல்லாம் ஒரே கோப்பில் அடங்கிவிடும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது அதன் எல்லை. விலையை மாற்றப்போவது நீங்கள் மட்டும்தானே? படிப்பவர்கள் பலர் ஒரே நேரத்தில் வரலாம்.

வேளச்சேரி வாசகி: தரவுத்தளத்தைத் திறந்து பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினுக்கு மாற்று உண்டா?

டிபீவர் என்ற கருவியைப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் ஆகிய மூன்று தரவுத்தளங்களையும் அதிலேயே திறக்கலாம். இலவசப் பதிப்பே தாராளம். சர்வருடன் எஸ்எஸ்எச் என்ற மறையாக்கப்பட்ட பாதுகாப்பான இணைப்பு வழியாக இணையுங்கள். தரவுத்தளத்தின் கதவை இணையத்தில் திறந்துபோடாதீர்கள்.

பெரம்பூர் வாசகர்: போஸ்ட்கிரெஸில் முகவரிகள் இருக்கின்றன. 'கொளத்தூர்' என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். வேறு தரவுத்தளத்துக்கு மாறட்டுமா?

அவசரப்படாதீர்கள். முதலில் அந்த ஊர்ப்பெயர்களின் நீளத்தை சார்_லெங்த் என்ற, குறியீடுகளை எண்ணும் செயல்கூறு கொண்டு எடுத்துப் பாருங்கள். சில வரிசைகளில் 9 என்றும் சிலவற்றில் 10 என்றும் வரும் என்று நினைக்கிறேன். எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒரு முறை. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைப்பது இன்னொரு முறை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். போஸ்ட்கிரெஸ் வழக்கமாக பைட்டுகளை ஒப்பிடுவதால், அதற்கு இவை இரண்டு வேறு ஊர்கள். 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து இரண்டு விதத்தையும் ஒரே விதமாக மாற்றும் நார்மலைஸ் என்ற செயல்கூறு இருக்கிறது. பழைய வரிசைகளை அதைக் கொண்டு ஒருமுறை திருத்திவிடுங்கள். புதிதாக வரும் பெயரையும் தேடுசொல்லையும் அதன் வழியாகவே அனுப்புங்கள். தமிழ்ப் பெயர்களைச் சேமிக்கும் ஒவ்வொருவரும் இதை முதல் நாளிலேயே செய்துவிட வேண்டும் என்பேன்.

அம்பத்தூர் வாசகி: இணையதளம் எழுத லாராவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பைப் பயன்படுத்துகிறேன். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் கற்றே ஆக வேண்டுமா?

கட்டாயம் கற்க வேண்டும். 50 ஆர்டர்களைக் காட்டும் பக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் பெயரைச் சுழற்சிக்குள் கேட்டால், லாராவெலில் தரவுத்தளத்துடன் பேசும் பகுதியான எலொக்வென்ட் சத்தமில்லாமல் 51 வினவல்களை (தரவுத்தளத்துக்கான கேள்விகளை) அனுப்பும்: ஆர்டர்களுக்கு ஒன்று, பெயர்களுக்கு 50. பெயர்களையும் சேர்த்தே எடுக்கும்படி 'வித்' கட்டளையால் முன்கூட்டியே சொல்லிவிட்டால் இரண்டே வினவல்களில் வேலை முடிந்துவிடும். பக்கம் சரியாகத்தான் தெரியும். ஆர்டர்கள் பெருகும்போதுதான் இழுக்கும். வினவல் பதிவை இயக்கி, உங்கள் நிரல் அனுப்பும் எஸ்க்யூஎல்லை இன்றே வரிவரியாகப் படித்துப் பாருங்கள். புரியாத வினவல் இருந்தால் அதைத் தரவுத்தளம் எப்படி நிறைவேற்றும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் கட்டளையின் விடையுடன் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.