மண்கறை ஏற்றிய புது ஜேட்: வாங்குவோர் கேள்வி-பதில்

கே: சீனாவின் ஹான் வம்சக் காலத்து ஜேட் 'பி' என்று சொல்லி விற்றார்கள். நடுவில் ஓட்டையுள்ள வட்டத்தட்டு, 118 கிராம். 'இயற்கை நெஃப்ரைட்' என்று ஆய்வகச் சான்றிதழும் உண்டு. நம்பலாமா? (சிங்கப்பூர்)

ப: கல்லை நம்பலாம்; ஜேட் என்று சொல்லப்படும் இரு கனிமங்களில் நெஃப்ரைட் ஒன்று, ஜேடைட் மற்றது. காலத்தைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூட இருக்காது, எடுத்துப் படியுங்கள். கனிமத்தின் பெயர், எடை, அடர்த்தி, நிறம், படம், அவ்வளவுதான். ஜேட் கல்லுக்குக் கார்பன் காலக்கணிப்பு செல்லாது. போன மாதம் அறுத்த நெஃப்ரைட்டுக்கும் இதே தாள் கிடைக்கும். விற்பவருக்கு இது தெரியும். தெரிந்துதான் தாளை அட்டையில் ஒட்டி நீட்டுகிறார். கல்லின் சான்றிதழைக் காலத்தின் சான்றிதழாக விற்பதைப்போல எனக்கு எரிச்சல் தருவது இந்த வியாபாரத்தில் வேறில்லை. அடுத்த முறை ரசீதில் 'ஹான் காலம், கி.மு. 206 – கி.பி. 220' என்று எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். பேனா அங்கே நின்றுவிடும்.

கே: சான்றிதழே இல்லாத கல்லை வீட்டில் சோதிக்க வழி உண்டா? (பினாங்கு)

ப: 0.01 கிராம் காட்டும் தராசு போதும். முதலில் உலர்ந்த எடை. பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிடுங்கள். உலர்ந்த எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுங்கள். 118-ஐ 40-ஆல் வகுத்தால் 2.95: நெஃப்ரைட் (2.90 – 3.03). ஜேடைட் 3.3-க்கு மேல் போகும். 46 காட்டினால் 2.57 வரும், அது ஜேட்போலத் தோன்றும் வேறு கல்லான சர்ப்பென்டைனாக இருக்கலாம். காற்றுக்குமிழி ஒட்டினாலோ கல் அடியில் பட்டாலோ விடை குறைந்துவிடும். குமிழியைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். உலோகம் பதித்ததில் இது பலிக்காது. ஐந்து கிராமுக்குக் கீழே சிறு பிழையும் விடையைப் புரட்டும். இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்து நான் வாங்கிய சர்ப்பென்டைன் தட்டு, இப்போது மேஜையில் காகிதம் பறக்காமல் காக்கிறது.

கே: ஆப்பிள் பச்சையில், ஒளி ஊடுருவும் ஜேடைட் டிராகன். சீனாவின் ஷாங் வம்சக் காலத்தது என்கிறார்கள்.

ப: ஷாங் ஆட்சி கி.மு. 1046 வாக்கில் முடிந்தது. பர்மா ஜேடைட் சீனாவுக்குள் பெருமளவில் வந்தது 18ஆம் நூற்றாண்டில். வாங்காதீர்கள்.

கே: சீனாவின் புதிய கற்காலத்து லியாங்சூ பண்பாட்டு 'ட்சோங்' ஒன்று பார்த்தேன். வெளியே சதுரம், உள்ளே வட்டத்துளை. பழுப்புக் கறையும் இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

ப: துளையை. ஜேட் உளியால் செதுக்கும் கல் அல்ல, மணலால் தேய்த்துத் தேய்த்து உருவாக்கும் கல். குழாய்த் துரப்பணத்தையும் மணலையும் வைத்து இரு முனையிலிருந்தும் துளைத்தார்கள். அதனால் நடுவில் இரண்டு துளைகளும் சந்திக்கும் இடத்தில் சிறு படி தெரியும், உள்நோக்கிக் குறுகலும் இருக்கும். குழாய்போல் நேராக ஓடும் துளை சந்தேகத்துக்குரியது. ஆனால் போலி செய்பவரும் படியை வெட்டத் தெரிந்தவர்தான். படி இருப்பதாலேயே பழையது என்று முடிவுகட்டாதீர்கள். நெடுங்காலம் மண்ணில் கிடந்ததன் அடையாளம் என்று காட்டப்படும் கறை அதைவிட மோசமான சாட்சி. சாயத்தில் ஊறவைத்தும் சூடேற்றியும் அதைச் செய்துவிடுகிறார்கள். 10 மடங்கு லென்ஸில், கறை விரிசலிலும் குழியிலும் மட்டும் தேங்கியிருந்தால் விலகிவிடுங்கள். ஒரிஜினல் எப்படி இருக்கும் என்று கண் பழக, சீனாவின் ஃபான்ஷானில் லியாங்சூ கல்லறையில் 1986-இல் கிடைத்த 6.5 கிலோ ட்சோங்கின் படங்களைப் பாருங்கள்.

கே: ஓய்வுபெற்ற அப்பா 1,800 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) 'ஹோங்ஷான் பன்றி-டிராகன்' வாங்கினார்; சீனாவின் புதிய கற்காலத்து ஹோங்ஷான் பண்பாட்டின், பன்றித்தலையுள்ள சுருண்ட ஜேட் உருவம் என்றார்கள். புதுசு என்று தெரிந்துவிட்டது. கடைக்காரர் பணம் தர மறுக்கிறார். (சிங்கப்பூர்)

ப: அப்பாவைத் திட்டாதீர்கள், ஏமாற்றியது அவரல்ல. விளம்பரப் பக்கம், அரட்டைச் செய்திகள், ரசீது எல்லாவற்றையும் இன்றே படம் பிடித்து வையுங்கள், பக்கம் நாளை காணாமல் போகலாம். 'பொருள் விவரிப்போடு பொருந்தவில்லை, பணத்தைத் திருப்புங்கள்' என்று தேதி குறித்து எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, 2 ஆண்டுக்குள், வழக்கறிஞர் தேவையில்லை.

கே: நள்ளிரவு நேரலை விற்பனையில் 'கல்லறையிலிருந்து வந்த' 11 ஜேட்களை வாங்கிவிட்டேன். சீனாவிலிருந்து எப்படிக் கொண்டுவருவது?

ப: பதினொன்றா! 1911-க்கு முந்தைய தொல்பொருள் வெளியேறுவதைச் சீனா தடை செய்திருக்கிறது. கல்லறையில் கிடைப்பது அரசின் சொத்து. உண்மையானால் அது திருட்டுப் பொருள், போலியானால் வெறும் கல். இன்னும் பணம் கட்டவில்லையானால் கட்டாதீர்கள்.