அடுத்த புத்தகம் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

பதினைந்து வருடங்களாக வாசிக்கிறேன். கோபம், பொறுமை பற்றி மட்டுமே மூன்று நோட்டு நிறையக் குறிப்புகள் எடுத்திருக்கிறேன். ஆனாலும் பத்து வயது மகனிடம் தினமும் கத்துகிறேன். அறிவு முழுமையானால் காலப்போக்கில் தானாகவே செயலாகிவிடும் என்று நம்புகிறேன். அதற்கு அடுத்து என்ன படிக்கலாம்? மூலநூல்களா, உரைகளா?

கே.

அன்புள்ள கே.,

மூலமா உரையா என்பதை விடுங்கள், அது இப்போது முக்கியமே இல்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது 'தானாகவே' என்ற சொல்தான். பல வருடங்களாக நானே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் சொல் அது.

1747ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி (பழமும் காய்கறியும் கிடைக்காமல் வரும் நோய்) வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சட்டென்று தேறினார்கள். 1753ல் அதை எழுதி வெளியிட்டும் விட்டார். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாகக் கொடுக்க ஆரம்பித்தது 1795ல். லிண்ட் அதற்கு முந்தைய வருடமே இறந்துவிட்டார். தாமதத்துக்குப் பல காரணங்கள் உண்டு, இருக்கட்டும். நடுவில் எத்தனை பேர் ஈறு வீங்கிப் பல் உதிர்ந்து செத்திருப்பார்கள்! விஷயம் அச்சில் இருந்தது, கப்பலில் இல்லை.

சரி, அது கடற்படை. என் வீட்டுக்கு வருகிறேன்.

அம்மாவுக்குக் கடைசி இரண்டு வருடங்கள் மறதி நோய். சாயங்காலம் ஆனால் "அவர் இன்னும் வரலையா?" என்று கேட்பாள். அப்பா இறந்து அப்போது ஒன்பது வருடம். அந்த நோயைப் பற்றி நான் தேடித் தேடி வாசித்திருந்தேன். புதிதாகச் சொல்வது அவர்கள் மனதில் தங்காது, அதனால் ஒவ்வொரு தடவையும் அது புதுச் சாவுச் செய்திதான், திருத்தக் கூடாது, கேள்விக்குப் பின்னால் இருக்கும் தவிப்புக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் கட்டுரையாகவே எழுதினேன், படித்துவிட்டு அழுததாகப் பலர் கடிதம் போட்டார்கள். அதே வாரம் அம்மா நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ கேட்டபோது, "அப்பா செத்து ஒன்பது வருஷம் ஆச்சும்மா, எத்தனை தடவை சொல்றது!" என்றேன். அன்றுதான் கணவனை இழந்தவளைப் போல என்னைப் பார்த்தாள்.

அவளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பெண் இந்த நோயைப் பற்றி ஒரு வரி வாசித்ததில்லை. என்னைத் தாண்டிப் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரைத் தேடுதாம்மா? எப்படி இருப்பார், சொல்லுங்க" என்றாள். அம்மா சொல்ல ஆரம்பித்தாள். நான் அறியாத ஒரு அப்பா அதில் இருந்தார்.

ஓதி, உணர்ந்து, பிறருக்கும் எடுத்துச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் அதன்படி நிற்காதவனை வள்ளுவர் எங்கே வைத்தார் தெரியுமா? கல்லாமைக்கென்று ஓர் அதிகாரம் இருக்கிறது, அங்கே இல்லை. பேதைமையில் வைத்தார், அவனைவிடப் பெரிய பேதை கிடையாது என்று. கட்டுரை எழுதிய நான் அங்கேதான் இருந்தேன். நீங்களும் மூன்று நோட்டோடு அங்கேதான் இருக்கிறீர்கள்.

கோபம் வரும் விநாடியில் நோட்டைப் புரட்ட நேரம் இருக்காது, கே. அப்போது நாக்கு பழகியதைத்தான் பேசும். உங்கள் நாக்கு கத்திப் பழகியிருக்கிறது, என்னுடையது திருத்திப் பழகியிருந்தது. அதை மாற்ற எனக்கு நாலு மாதம் பிடித்தது. கேள்வி வந்ததும் எழுந்து போய் அம்மா பக்கத்தில் உட்கார வேண்டும், உட்கார்ந்த பிறகே வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. அதிலும் பாதி நாள் தோற்றேன். அந்த நாலு மாதத்தில் புதிதாக ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை.

கத்துகிறேன் என்று ஒளிக்காமல் எழுதினீர்களே, அதற்காகவே உங்கள் மேல் பிரியம் வந்தது. ஆனால் அதை நோட்டுகளுக்கு அடுத்தபடியாக எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் படித்தது எதுவும் உங்கள் பையனுக்குத் தெரியாது, உங்கள் குரல் மட்டும்தான் தெரியும்.

இன்று சாயங்காலம் அவன் எதையாவது கொட்டுவான், உடைப்பான், சொன்னதைக் கேட்க மாட்டான். முதலில் அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒரு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று எழுதுங்கள், தோற்றிருந்தாலும் எழுதுங்கள். படித்ததைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம்.