கண்ணாடியிலிருந்து குதித்தவன் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். போன மாதம் ஈரோட்டில் நடந்த கூட்டத்தில், உங்களைப் பாதித்த கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தவர், நம் கொங்கு நாட்டுப் பாட்டுக்கதையான அண்ணன்மார் கதைக்கு அடுத்ததாக 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைச் சொன்னீர்கள். பின்வரிசையில் இருந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நானும் அதை விளையாடியவன்தான். பிளஸ் டூ முடித்த விடுமுறையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனதே பாதி அதற்காகத்தான். ஆனால் அதில் கதை என்று என்னங்க இருக்கிறது? அரசன் ஊரில் இல்லை, மந்திரி கெட்டவன், இளவரசியை அடைத்து வைக்கிறான், நாயகன் போய் மீட்கிறான். நம் ஊர்த் திருவிழா நாடகத்தில்கூட இதைவிடக் கூடுதலாக இருக்கும். என் மகனுக்கு 12 வயது. அவன் விளையாடுகிறவற்றில் சினிமா மாதிரி மணிக்கணக்காகக் கதை ஓடுகிறது. உங்கள் பேச்சைப் பற்றிச் சொல்லி, பழைய விளையாட்டை யூடியூபில் ஐந்து நிமிடம் காட்டினேன். "இதுல ஸ்டோரியே இல்லையேப்பா" என்கிறான்.

இன்னொன்று. கடைசிக் கட்டத்தில் பேய் மாதிரி ஓர் உருவம் வரும். அதை வெட்டினால் நம் ஆள்தான் செத்துப்போவான். கூடப் படித்தவன் பார்த்துவிட்டு "ஃப்ளாப்பியில வைரஸ் ஏறிடுச்சுடா" என்றான். நாங்களும் நம்பினோம். அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை. அது என்ன என்று இன்றுவரை தெரியாது. நேரமிருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்,
கோபிசெட்டிபாளையம்

*

அன்புள்ள தம்பிக்கு,

அது வைரஸ் இல்லை. நீங்கள் பயந்து விட்டுவந்த அந்த இடம்தான் அந்த விளையாட்டின் கதை. இத்தனை வருடம் அதை வேறாக நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்பது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் கதை நீங்கள் சொன்னதுதான். சுல்தான் போருக்குப் போயிருக்கிறார். மந்திரி ஜாஃபர், இளவரசி முன்னால் ஒரு மணற்கடிகாரத்தை வைத்து ஒரு மணி நேரம் கெடு கொடுக்கிறான். என்னைக் கட்டிக்கொள், இல்லாவிட்டால் சாவு. அவள் மனதில் இருப்பவன் நிலவறையில் கிடக்கிறான். அங்கிருந்து 60 நிமிடத்தில் 12 கட்டம் ஏறி வர வேண்டும். செத்தால் அந்தக் கட்டத்தை முதலிலிருந்து ஆடலாம். ஆனால் போன நிமிடம் போனதுதான்.

அண்ணன்மார் கதையையும் இப்படிச் சுருக்கலாம். அண்ணன் தம்பி இருவர், பங்காளிப் பகை, சண்டை, சாவு. உங்கள் மகனிடம் அப்படிச் சொன்னால் அதிலும் ஸ்டோரி இல்லை என்பான். ஆனால் உடுக்கையடித்து இரவெல்லாம் பாடி, அண்ணன்மார் விழும் படுகளத்துக்கு வரும்போது என்ன நடக்கிறது? கேட்டுக்கொண்டிருந்தவர்களே அருள் வந்து விழுகிறார்கள். சிறுவயதில் என் பெரியப்பா அப்படி விழுந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தீர்த்தம் தெளித்து எழுப்பினார்கள். கண் விழித்தவரின் நெற்றியிலும் மூக்கிலும் மண் ஒட்டியிருந்தது. சுற்றிலும் பார்த்தார், சித்த நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அன்று அவர் கதையைக் கேட்டார் என்று சொன்னால் போதாது. அவர் உடம்பு அந்தக் கதைக்குள் போய்வந்தது. கூட்டத்தில் இரண்டையும் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இந்த விளையாட்டிலும் எல்லாமே உடம்பிலிருந்துதான் தொடங்கியது. ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் 1985-ல் இதை ஆரம்பித்தார். அதற்கு முன்பே, கல்லூரியில் படிக்கும்போதே, 'கராத்தேகா' என்ற விளையாட்டைச் செய்து பெயர் வாங்கியவர். தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடச் சொல்லி, தாவச் சொல்லி, தொங்கச் சொல்லி வீடியோ எடுத்தார். பிறகு ஒவ்வொரு அசைவாக நிறுத்தி, கோடு கோடாக வரைந்து கணினிக்குள் ஏற்றினார். வாள்சண்டைக்கு 1938-ல் வந்த ராபின் ஹூட் படத்தின் இறுதிச் சண்டையைப் பார்த்து வரைந்தார். இசை அவருடைய அப்பா போட்டது. ஆப்பிள் 2 கணினிக்கு 1989-ல்தான் வெளிவந்தது. டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடிய, நாம் விளையாடிய வடிவம் அதற்கு அடுத்த வருடம்.

தம்பியைப் பார்த்து வரைந்ததால்தான் அந்த இளவரசனுக்கு எடை இருக்கிறது. அந்தக் காலத்துப் பல விளையாட்டுகளில் விசையை விட்டதும் ஆள் நின்றுவிடுவான். இவன் ஓடிவந்தால் சறுக்கித்தான் நிற்பான். அந்தச் சறுக்கலில் முள் குத்திச் செத்தவர்கள் நாம். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அடிமேல் அடி வைத்து விளிம்புக்குப் போய், எட்டிப் பிடித்துத் தொங்கும்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்த நம் கை வலிக்கும். உங்கள் கைக்கு இது இன்னும் ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன்.

இனி அந்த உருவத்துக்கு வருகிறேன்.

நாலாவது கட்டத்தில் வெளியேறும் வாசலைத் திறந்துவிட்டுத் திரும்பினால், வந்த வழியில் ஒரு பெரிய கண்ணாடி நிற்கும். வரும்போது அது அங்கே கிடையாது. சுற்றிப்போக வழியில்லை. ஓடிவந்து அதற்குள்ளேயே பாய வேண்டும். இளவரசன் இந்தப் பக்கம் வந்து விழும்போது, அந்தப் பக்கமாக அவனைப் போலவே ஒருவன் குதித்து ஓடுவான். திரையின் அடியில் சிறு முக்கோணங்களாகத் தெரியும் நம் உயிர், அந்த நொடியில் ஒரே ஒரு முக்கோணமாகக் குறைந்துவிடும். ஐந்தாவது கட்டத்தில், உயிரைக் கூட்டும் பெரிய மருந்துக் குப்பியை நாம் நெருங்குவதற்குள் அவன் வந்து குடித்துவிட்டுப் போவான். ஆறாவதில், நாம் பள்ளத்தைத் தாண்டப் போகும் நேரம் பார்த்து எதிரே உள்ள கதவை இறக்கிவிடுவான். நாம் கீழே விழுவோம். இத்தனைக்கும் அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. விளையாட்டில் யாருமே பேசுவதில்லை.

பன்னிரண்டாவது கட்டத்தில், கோபுரம் ஏறிப்போகும்போது அவன் மேலிருந்து இறங்கி வாளை உருவிக்கொண்டு நிற்பான். உங்கள் நண்பர் வைரஸ் என்று சொன்னது இதைத்தான்.

நான் அங்கே வந்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அப்பா ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கெழுதினார். இனிமேல் எல்லாக் கணக்கும் கம்ப்யூட்டரில்தான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு என்னை ஒரு சென்டரில் சேர்த்துவிட்டார். வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்று அன்றைய அலுவலக மென்பொருள்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போக வேண்டும். கறுப்பு வெள்ளை மானிட்டர். சொல்லித்தரும் அக்கா மதியம் சாப்பிடப் போகும் நேரம்தான் எங்களுக்குக் கிடைப்பது. கண்ட்ரோல் ஜி அழுத்திச் சேமித்துவைத்து மறுநாள் தொடர்வோம்.

அவனை வெட்டினேன். அவன் முக்கோணம் ஒன்று குறைந்தது, என்னுடையதும் ஒன்று குறைந்தது. மறுபடி வெட்டினேன். அதேதான். கடைசி வெட்டில் இரண்டு பேரும் விழுந்தோம். இரண்டு நாள் இப்படியே செத்தேன். மூன்றாம் நாள் நிமிடங்கள் கரைந்துகொண்டிருந்தன. சண்டையே வேண்டாம், ஓடிப்போய்விடலாம் என்று கீழ் அம்புக்குறியை அழுத்தினேன். வாள் உறைக்குள் போயிற்று. எதிரே நின்றவனும் வாளை உறையில் போட்டான்.

என் விரல் விசைமேலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த பையன் "என்னடா பண்ணுன?" என்றான். ஒன்றும் தெரியவில்லை. மெல்ல அவனை நோக்கி நடந்தேன். அவனும் வந்தான். இருவரும் ஒன்றாகக் கலந்தார்கள், திரை மின்னியது. பிறகு திரையில் ஒரே ஒருவன்தான் நின்றான். முன்னால் வெறும் பள்ளம். அதற்கு முந்தைய நாள் அதே பள்ளத்தில் விழுந்து செத்திருக்கிறேன். இப்போது ஓடியபோது, கால் படும் இடத்திலெல்லாம் காற்றில் தரை முளைத்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்றைக்கு ஜாஃபரை வெல்ல நேரம் போதவில்லை, அதற்கு இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. அந்த வெற்றி எனக்கு அவ்வளவாக நினைவில் இல்லை.

இதைத்தான் கதை என்கிறேன், தம்பி. முதல் கட்டத்தில் கீழே கிடந்த வாளை எடுத்ததிலிருந்து, எதிரே ஆள் நின்றால் உருவு, வெட்டு என்று அந்த விளையாட்டு நம் கையைப் பழக்குகிறது. பதினொரு கட்டம் பழக்கிவிட்டுப் பன்னிரண்டாவதில், அந்தப் பழக்கம்தான் உன்னைக் கொல்கிறது என்று காட்டுகிறது. எழுதிக் காட்டவில்லை, யாரும் வந்து சொல்லவுமில்லை. வாளை உறையில் போட வேண்டியது நம் விரல். எனக்கு அப்போது 17 வயது. அப்பாவோடு தினமும் சண்டை. அந்த வயதில் யாராவது உட்காரவைத்து இதை வார்த்தையில் சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

அந்த நிழல் உருவம் பிறந்த விதமும் உங்களுக்குப் பிடிக்கும். மெக்னர் முதலில் எதிரிகளே இல்லாமல்தான் விளையாட்டைத் திட்டமிட்டார். தம்பியின் அசைவுகளே கணினியின் நினைவகத்தை அடைத்துக்கொண்டன. எதிரிக்கென்று தனியாகப் படம் வைக்க இடமில்லை. டோமி பியர்ஸ் என்ற தோழி, இதற்குச் சண்டை வேண்டும் என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் மெக்னருக்கு ஒரு வழி தோன்றியது. இளவரசனின் அதே படத்தை ஒரு பிட், அதாவது ஒரு புள்ளி அளவு, நகர்த்தி அதன்மேலேயே வைத்து, இரண்டிலும் ஒன்றாக இருக்கும் புள்ளிகளை அழித்துவிடும் எக்ஸ்-ஆர் என்ற கணக்கைப் போட்டார். உருவம் போய், பளபளக்கும் வெளிக்கோடு மட்டும் மிஞ்சியது. கண்ணாடியிலிருந்து குதிப்பவன் அப்படித்தான் வந்தான். அப்புறம் அங்கே இங்கே சுருக்கி இடம் பிடித்து மற்ற காவலர்களையும் கொண்டுவந்தார். வானம் பார்த்த மேட்டுக்காட்டில் இருக்கிற ஈரத்துக்குத் தக்கபடி கம்பும் சோளமும் விதைத்த நம் ஆட்களுக்கு இந்த மனம் புரியும். அந்தக் கணினியில் தாராளமாக இடம் இருந்திருந்தால் அங்கே இன்னொரு அரக்கன் நின்றிருப்பான் என்றே நான் நினைக்கிறேன்.

எனக்கு ஒரு குறை உண்டு. இளவரசிக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. அண்ணன்மாரின் தங்கை படுகளத்துக்கே தேடிப் போகிறாள், விழுந்தவர்களை எழுப்புகிறாள். இவள் மணற்கடிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாள், உட்காருகிறாள், அவ்வளவுதான். ஒரே ஒரு இடம் மட்டும் விலக்கு. எட்டாவது கட்டத்தில் இளவரசன் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போது, அவள் அனுப்பிய வெள்ளை எலி ஓடிவந்து தரையில் உள்ள விசையை மிதித்துக் கதவைத் திறக்கும். அந்த எலியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் அது போதாது.

2012-ல் மெக்னரின் அப்பா தன் வீட்டு அலமாரியில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார். காணாமல்போய்விட்டது என்று நினைத்திருந்த மூல நிரலின் ஃப்ளாப்பிகள் அதில் இருந்தன. அதிலிருந்து நிரலை மீட்டு எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் போட்டுவிட்டார்கள். இன்றைய கணினியில் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளை வைத்து நாம் ஆடிய வடிவத்தையே ஆடலாம்.

உங்கள் மகன் பார்த்தது ஐந்து நிமிட வீடியோ. இந்தக் கதை பார்ப்பதற்கானது இல்லை. அவன் கையில் கொடுங்கள். முதல் இரண்டு நாள் விழுந்துகொண்டே இருப்பான், எரிச்சல்படுவான், விடுங்கள். 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று தட்டிக் கட்டம் தாண்டும் குறுக்கு வழி உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதை மட்டும் அவனிடம் சொல்ல வேண்டாம். நிழலைப் பற்றியும் வாய் திறக்காதீர்கள். பன்னிரண்டாவது கட்டத்துக்கு வந்துவிட்டான் என்று தெரிந்தால், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அங்கே என்ன நடக்கிறது என்று நீங்களும் இன்னும் பார்க்கவில்லையே.

அன்புடன்,
அண்ணன்