ஓட்டமில்லாமல் குழந்தைகளோடு ஒரு வாரம் தங்க தாய்லாந்தில் எந்தச் சிறிய ஊர் நல்லது? எப்படித் திட்டமிடுவது?

பிரச்சுவாப் கிரி கான். பாங்காக்கிலிருந்து தெற்கே ரயிலில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். தாய்லாந்து வளைகுடாக் கரையில் ஒரு சிறிய மாகாணத் தலைநகர். கடற்கரைச் சாலை, சந்தை, ரயில் நிலையம் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. பேரில் உள்ள கிரி நம் கிரிதான், மலை. கடலுக்குள்ளும் கரையிலும் சுண்ணாம்புக் குன்றுகள் வரிசையாக நிற்பதால் வந்த பெயர்.

நாங்கள் போனபோது பெரியவளுக்கு 8 வயது, சின்னவனுக்கு 4. கூடவே என் அத்தையும் வந்தார்கள். 67 வயது, சுத்த சைவம். குழந்தைகளோடு போகிற பல வீடுகளின் நிலவரமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அதற்கு மூன்று வருடம் முன்னால் ஒரு பேக்கேஜில் ஆறு நாளில் மூன்று ஊர் சுற்றினோம். தினமும் காலை ஏழு மணிக்குப் பஸ், இரண்டு நாளுக்கு ஒரு முறை பெட்டி கட்டல். நாலாம் நாள் காலையில் பெரியவள், அப்போது 5 வயது, பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று விடுதி வரவேற்பறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றியது இன்றைக்கும் எனக்கு வருத்தம். அடுத்த முறை ஒரே ஊர், ஒரே அறை, ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். திட்டம் என்று கேட்டால் அவ்வளவுதான். மற்றதெல்லாம் இதைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுகள்.

முதலில் எப்போது போவது. டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை வெயில் தாங்கும், கடல் காற்று இருக்கும். அரையாண்டு விடுமுறை சரியாகப் பொருந்தும். ஆனால் புத்தாண்டை ஒட்டித் தாய்லாந்துக்காரர்களும் ஊருக்குக் கிளம்புவார்கள், ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும். அக்டோபர், நவம்பர் மழை. ஏப்ரலில் நம் ஊர் வெயிலேதான். இன்னொன்று, நம் சித்திரைப் புத்தாண்டு நாளில்தான் அங்கே சொங்க்ரான் என்கிற தாய்ப் புத்தாண்டுத் திருவிழா, ஏப்ரல் 13 முதல் 15 வரை. தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். எட்டு வயதுக்கு அது கொண்டாட்டம், நாலு வயதுக்கு முகத்தில் பீய்ச்சுகிற தண்ணீர் பயம். நான் அந்த வாரத்தைத் தவிர்ப்பேன்.

விசா விதி இந்தியர்களுக்கு அடிக்கடி மாறுகிறது. டிக்கெட் போடும் முன் தாய்லாந்துத் தூதரகத் தளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துவிடுங்கள். 2025 மே 1 முதல் எல்லோரும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள், குழந்தைகளுக்கும் தனித்தனியாக. அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் அரசுத் தளம் இல்லை.

சென்னையிலிருந்து பாங்காக் விமானம் மூன்றரை மணி நேரம் போல. பெரும்பாலும் இரவில் கிளம்பி விடியற்காலையில் இறங்கும். இறங்கிய அன்றே ரயில் ஏறிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். தூங்காத குழந்தையை வைத்துக்கொண்டு எந்தப் பயணமும் நிதானமாக இருக்காது. நாங்கள் ஒரு இரவு பாங்காக்கில் தங்கினோம். எதையும் பார்க்கவில்லை, தூங்கினோம். மறுநாள் காலை ரயில். தெற்கே போகும் தொலைதூர ரயில்கள் 2023 ஜனவரியிலிருந்து குருங் தேப் அபிவத் என்கிற பெரிய புது நிலையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. பழைய ஹுவாலம்போங்குக்குப் போய்விடாதீர்கள். டோன் முவாங் விமான நிலையத்தில் இறங்கினால் சிவப்புத் தட மெட்ரோ நேராக அங்கே கொண்டுவிடும். டிக்கெட்டைத் தாய் ரயில்வேயின் தளத்திலேயே எடுக்கலாம். ஏசி இருக்கை உள்ள பகல் வண்டியை எடுங்கள், ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே அவ்வளவு குளிர். கடைசி ஒரு மணி நேரம் வெளியே அன்னாசித் தோட்டங்கள் வந்துகொண்டே இருக்கும். நாட்டிலேயே அன்னாசிக்குப் பேர்போன மாகாணம் இது. சப்பரோட் என்றால் அன்னாசி. எங்கள் சின்னவன் கற்ற முதல் தாய் வார்த்தை அது.

தங்கும் அறை கடற்கரைச் சாலையிலோ அதற்கு அடுத்த தெருவிலோ இருந்தால் போதும். நட்சத்திரக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். தரைத்தளம், குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் சூடுபண்ணும் கெட்டில், வாசலில் நாலு பேர் உட்கார இடம், இவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஏழு இரவும் ஒரே அறையில் இருந்ததால் மூன்றாம் நாளே குழந்தைகள் அதை "நம்ம வீடு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

ஊருக்கு எதிரே இருக்கிற விரிகுடா பார்க்கவும் நடக்கவும் நல்லது. குளிக்க வேண்டுமென்றால் நாலைந்து கிலோமீட்டர் தெற்கே ஆவ் மனாவ் போக வேண்டும், எலுமிச்சை விரிகுடா என்று அர்த்தம். இது விமானப்படைத் தளத்துக்குள் இருக்கிறது. வாசலில் பெயர் பதிந்துகொண்டு, ஓடுபாதையைக் குறுக்கே கடந்து போக வேண்டும். பாஸ்போர்ட் நகல் கையில் இருக்கட்டும். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை இந்தக் கரையில்தான் இறங்கியது, விமானப்படை வீரர்கள் மறுநாள் வரை எதிர்த்து நின்றார்கள். அதற்கு ஒரு நினைவிடமும் உள்ளே உண்டு. குழந்தைகளுக்கு இதெல்லாம் தேவையில்லை, அவர்களுக்குத் தண்ணீர் போதும். இடுப்பளவுத் தண்ணீருக்கு வெகுதூரம் நடந்து போக வேண்டும், அவ்வளவு ஆழமில்லை. அலையும் பெரும்பாலும் சின்னதுதான். கரையில் சவுக்கு நிழல், சாய்வு நாற்காலிகள், சாப்பாட்டுக் கடைகள். திருச்செந்தூர் அலையைப் பார்த்துப் பயந்து என் கழுத்தை விடாத சின்னவன் இங்கே இரண்டாம் நாளே தனியாக உட்கார்ந்து மணல் தோண்டினான். அதற்காக அவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, நீங்களும் எடுக்காதீர்கள். வளைகுடாவில் ஜெல்லிமீன் வருவதுண்டு, ஆகவே முழுக்கை நீச்சல் உடை போடுங்கள். வெயிலுக்கும் அதுவே நல்லது.

அந்தக் கடற்கரையின் ஒரு முனையில் லோம் முவாக் குன்று. அடிவாரத்து மரங்களில் சாம்பல் நிற மந்திகள், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டவை, கூட்டமாக இருக்கும். குட்டி மட்டும் பிறந்த புதிதில் பளிச்சென்று ஆரஞ்சு நிறம். தாயின் சாம்பல் மடியில் அந்த நிறம் தெரிவதைப் பார்த்து அத்தை "ஆத்தாடி, குங்குமப்பூ மாதிரில்லா இருக்கு" என்றார்கள். சாதுவான மிருகங்கள், இலை தின்பவை. நிலக்கடலை கொடுக்கிறவர்களைப் பார்த்துப் பெரியவளும் கேட்டாள், கொடுக்க விடவில்லை. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம், அவை பாட்டுக்கு இறங்கி வந்தன.

ஊருக்குள் இருக்கிற சோங் க்ரசோக் குன்றுக் குரங்குகள் வேறு சாதி. கிட்டத்தட்ட 400 படி ஏறினால் மேலே ஒரு கோயில், மூன்று விரிகுடாவும் தெரியும் காட்சி. ஆனால் நீளவால் குரங்குகள் பையைப் பிடுங்கும். குற்றாலத்துக் குரங்குக்குப் பழகிய குடும்பம்தான் எங்களுடையது, இருந்தும் நானும் பெரியவளும் மட்டும் வெறுங்கையோடு போய்வந்தோம். நாலு வயதுப் பிள்ளையை அங்கே கூட்டிப் போகாதீர்கள். எந்தக் குரங்காவது பிறாண்டினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடக்கூடாது.

பெரியவளுக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்தது, ஊருக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிற வா கோ. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணம் இங்கே தெரியும் என்று சயாம் மன்னர் மொங்குட் தானே கணக்குப் போட்டுச் சொன்னார். பிரெஞ்சு விஞ்ஞானிகளையும் சிங்கப்பூரிலிருந்து ஆங்கிலேய ஆளுநரையும் அழைத்துவந்து காட்டினார். கணக்கு சரியாக இருந்தது. ஆனால் இந்தச் சதுப்பு நிலத்தில் மலேரியா தொற்றி, திரும்பிப் போய் அக்டோபர் 1 அன்று இறந்துபோனார். தாய்லாந்தில் ஆகஸ்ட் 18 இன்றைக்கும் அறிவியல் தினம். எனக்கு மயிர்க்கூச்செறிய வைத்தது இன்னொன்று: அதே நாள், அதே கிரகணத்தைப் பார்க்க நம் மெட்ராஸ் வானாய்வகத்திலிருந்து போக்சன் மசூலிப்பட்டினத்துக்கும், சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்திக்கும் போயிருந்தார்கள். குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் அதே கிரகணத்தின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தார். அந்தக் கிரகணத்தின்போது நிறமாலையில் தெரிந்த மஞ்சள் கோடுதான் ஹீலியம் என்கிற தனிமத்தின் அடையாளம் என்று பின்னால் தெரிந்தது. ஒரே நிழல் குண்டூரைத் தாண்டி, வங்கக் கடலைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்திருக்கிறது. இதை அங்கே மணலில் கோடு கிழித்துச் சொன்னபோது பெரியவள், "அப்போ நம்ம ஊர்ல பார்த்தவங்க முதல்ல பார்த்தாங்களா?" என்று கேட்டாள். ஆமாம், அவர்கள்தான் முதலில். இப்போது அங்கே அறிவியல் பூங்காவும், மீன்கள் தலைக்கு மேலே நீந்தும் கண்ணாடிச் சுரங்கத்தோடு ஒரு மீன்காட்சியகமும் இருக்கின்றன. சின்னவன் அந்தச் சுரங்கத்தை விட்டு வரவே மாட்டேன் என்றான். நாள் முழுக்க வேறு வேலை வைக்காததால், சரி இரு என்று விட முடிந்தது. திறந்திருக்கும் நாளை மட்டும் முன்பே விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விட்டுவிட வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். சாம் ரோய் யோட்டில் உள்ள பிரயா நக்கோன் குகையை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். குகைக்குள் வெயில் விழும் மண்டபம், 1890இல் மன்னர் சுலாலங்கோன் வருகைக்காகக் கட்டியது. ஆனால் கல்லும் முள்ளுமான செங்குத்து ஏற்றம், அத்தைக்கும் சின்னவனுக்கும் முடியாது. குய் புரிக் காட்டில் யானையும் காட்டெருமையும் பார்க்கலாம், திறந்த வண்டியில் பிற்பகல் முழுக்கப் போகும். கணவரும் பெரியவளும் மட்டும் போனார்கள். எல்லோரும் எல்லாவற்றுக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்பதில்லை. அன்று மாலை அத்தையும் நானும் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து பேசியது, கல்யாணமாகி பதினோரு வருடத்தில் நாங்கள் பேசிய மிக நீண்ட பேச்சு.

சாப்பாடு. சைவத்துக்கு மந்திரச் சொல் "ஜே". மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தில் เจ என்று தொங்கினால் அங்கே இறைச்சி, மீன் சாஸ், முட்டை, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. மற்றக் கடைகளில் "காய்கறி மட்டும்" என்றாலும் மீன் சாஸ் விழுந்துவிடும், அதனால் "மை சை நாம் ப்லா" என்று தாய் மொழியில் எழுதிய சீட்டை விடுதியில் வாங்கிவைத்தோம். காரம் வேண்டாம் என்றால் "மை பெட்". பிள்ளைகளுக்குச் சோற்றின் மேல் முட்டைப் பொரியல், வாழைப்பழ ரொட்டி, இளநீர் எங்கும் கிடைத்தன. பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனோம். சின்ன கடைகளில் தயிர் கிடைக்கும், இனிப்பில்லாததா என்று பார்த்து வாங்குங்கள். மத்தியானம் அறையில் தயிர்ச் சோறு, அப்புறம் மூன்றரை மணி வரை தூக்கம். இந்தத் தூக்கத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்கவில்லை.

போக்குவரத்துக்கு விடுதிச் சைக்கிளும், பக்கத்தில் இருக்கை பொருத்திய மோட்டார் சைக்கிளும், தூரத்துக்கு வாடகைக் காரும். இரண்டு பிள்ளைகளோடு ஸ்கூட்டர் எடுக்காதீர்கள். உரிமம் சரியாக இல்லாவிட்டால் பயணக் காப்பீடும் உதவாது. பெரிய தனியார் மருத்துவமனைகள் 90 கிலோமீட்டர் வடக்கே ஹுவா ஹினில்தான், எனவே காய்ச்சல் மருந்து, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கொசு மருந்து பெட்டியில் இருக்கட்டும்.

வெள்ளி, சனி மாலைகளில் கடற்கரைச் சாலையில் சந்தை கூடும். அந்த இரண்டு நாளும் நீங்கள் ஊரில் இருக்கிற மாதிரித் தேதியைப் போடுங்கள். பொது இடங்களில் மாலை ஆறு மணிக்குத் தேசிய கீதம் ஒலிக்கும், எல்லோரும் நின்ற இடத்தில் அசையாமல் நிற்பார்கள். பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். எங்கள் சின்னவன் ஒரு கையில் அன்னாசிக் குச்சியோடு அப்படியே நின்றான், பக்கத்துக் கடைப் பாட்டி கீதம் முடிந்ததும் இன்னொரு குச்சி கொடுத்தார்கள்.

திரும்பும்போதும் விமானத்துக்கு முந்தின நாளே பாங்காக் வந்துவிடுங்கள். ரயில் தாமதமானாலும் அன்று யாரும் யாரையும் அவசரப்படுத்த வேண்டியிருக்காது.