பிரசவத் தாதியைக் கேளுங்கள்: சேனைத் தண்ணீர், தே, பத்தியம்

மனைவிக்கு ஆங்கிலம் சரளமாக வராது. பிரசவ அறையில் நான் கூட இருந்து மொழிபெயர்த்தால் போதாதா? (பொங்கோல்)

கூட இருங்கள், கட்டாயம். ஆனால் மொழிபெயர்ப்பு முழுவதையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். முழு மயக்கம் கொடுத்து அவசரமாகச் சிசேரியன் செய்ய நேர்ந்தால், பொதுவாகக் கணவரை உள்ளே விடுவதில்லை. அந்த நேரத்தில் மனைவிக்குப் புரிகிற மொழியில் பேச வேறொருவர் வேண்டும். 32ஆம் வாரச் சோதனையின்போதே தமிழ் பேசும் தாதியோ மொழிபெயர்ப்பாளரோ கிடைப்பாரா என்று கேட்டு, அதைக் கோப்பில் குறிக்கச் சொல்லுங்கள்.

ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள்: ஒத்துக்கொள்ளாத மருந்து, எபிடியூரல் (வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் ஊசி) வேண்டுமா, பெண் மருத்துவரை விரும்புகிறாரா, சைவமா, பிறந்ததும் குழந்தையை நெஞ்சில் போட வேண்டுமா. பத்து வரிக்குள் முடியுங்கள். நீண்டால் படிக்க நேரமிருக்காது. எழுதும்போது அவர் சொல்ல, நீங்கள் எழுதுங்கள்.

இன்னொன்று. தாதி உங்களைச் சற்று வெளியே இருக்கச் சொன்னால் மனம் கோணாமல் போங்கள். முன்பு கரு கலைந்ததுண்டா, வீட்டில் பயம் ஏதும் உண்டா என்பதையெல்லாம் தனியாகத்தான் கேட்க முடியும். பக்கத்தில் ஆள் இருந்தால் "இல்லை" என்ற பதில்தான் வரும்.

முதல் மூன்று நாள் பால் சுரக்காது, சேனைத் தண்ணீர் (சீனியோ தேனோ கலந்த தண்ணீர்) கொடு என்கிறார் ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை. எப்படி மறுப்பது? (ஈசூன்)

அத்தை பார்த்தது பொய்யில்லை. மார்பு கனத்துப் பால் பெருகுவது பெரும்பாலும் மூன்றாம் நாளையொட்டித்தான். ஆனால் அதற்கு முன்பே சீம்பால் இருக்கிறது. முதல் 24 மணி நேரத்தில் பிள்ளை ஒரு தடவைக்குக் குடிப்பது 2 முதல் 10 மில்லிலிட்டர்தான். ஒரு தேக்கரண்டியே 5 மில்லிலிட்டர். சீனித் தண்ணீரால் வயிறு நிறைந்த பிள்ளை தூங்கிவிடும், சப்பாது. சப்பாவிட்டால் சுரப்பும் தாமதமாகும். மலம் கழிவதும் குறைந்து மஞ்சள்காமாலை ஏறும். தேன் இன்னும் ஆபத்து: அதிலிருக்கக்கூடிய கிருமி விதைகள் பச்சிளம் குடலில் நஞ்சை உண்டாக்கும். ஒரு வயதுவரை நாக்கில் தொட்டும் வைக்க வேண்டாம்.

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்துக் கணிக்காதீர்கள். டயப்பரை எண்ணுங்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு நனைய வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து ஆறு அல்லது அதற்கு மேல். கரும்பச்சை மலம் ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக மாற வேண்டும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பாலூட்டுங்கள். எடை 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தாலோ, பாலுக்குக்கூட எழாமல் துவண்டாலோ உடனே காட்டுங்கள்; அப்போது பீய்ச்சிய பாலோ, பால்மாவோ கூடுதலாகத் தேவைப்படலாம். அது தோல்வி அல்ல.

அத்தைக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். அந்த டயப்பர்க் கணக்கை அவரே எழுதட்டும். பழைய குழந்தைத் துணிகளை அந்துருண்டை போட்டு வைத்திருந்தால் பயன்படுத்த வேண்டாம் என்பதையும் அவரிடமே சொல்லுங்கள். ஜி6பிடி குறைபாடுள்ள (இரத்த அணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைந்த) பிள்ளைக்கு அந்த வாசனையே இரத்த அணுக்களை உடைத்துக் கடும் காமாலையைக் கொண்டுவரலாம். இங்கே சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் சோதனை செய்கிறார்கள். முடிவைக் கேட்டு வாங்குங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் 9.8தான். (தெம்பனிஸ்)

மாத்திரையோடு என்ன குடிக்கிறீர்கள்? தே, கோப்பி, பால், கால்சியம் மாத்திரை எல்லாமே இரும்பைத் தடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். மலம் கறுப்பது இயல்பு. நான்கு வாரத்தில் ஏறாவிட்டால் தலசீமியா (பரம்பரை இரத்தக் குறைபாடு) சோதனை பற்றிக் கேளுங்கள்.

34ஆம் வாரம். நேற்றிலிருந்து அசைவு குறைவு. குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்க்கலாமா? (ஜூரோங் வெஸ்ட்)

வேண்டாம். இதைப் படித்து முடிக்கும் முன்பே பிரசவ வார்டை அழைத்துப் புறப்படுங்கள். வீட்டு டாப்ளரில் இதயத்துடிப்பு கேட்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். துடிப்பு இருப்பதும் பிள்ளை நலமாக இருப்பதும் ஒன்றல்ல. மறுபடி குறைந்தால் மறுபடியும் போங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள்.

பிரசவமாகி ஐந்து நாள். தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும் என்று ஒரு டம்ளர்தான் தருகிறார்கள். மின்விசிறியும் கூடாதாம். (உட்லண்ட்ஸ்)

தாகம் தீரக் குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகித் தையல் இழுபடும், சிறுநீர்த் தொற்று வரும், கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் அபாயமும் கூடும். வெறும் தண்ணீரில் சண்டை வந்தால் வெதுவெதுப்பான சீரகத் தண்ணீராகக் கேளுங்கள், இரண்டு பக்கமும் இறங்கி வர இடமிருக்கும். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். உள்ளடக்கம் அச்சிடாத லேகியம் வேண்டாம். சிசேரியன் காயத்தின் மேல் துணியை இறுக்கிக் கட்டாதீர்கள். விசிறி ஓடட்டும், காற்று நேராகப் படாமல் இருந்தால் போதும். மூடிய அறையில் பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை கூடாது.

பத்தியம் யார் சொன்னாலும், இவற்றுக்குப் பொறுக்க வேண்டாம்: ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனையும் இரத்தப்போக்கு, 38 பாகை காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கம், கண் மங்கலோடு தலைவலி. உடனே மருத்துவமனை. மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ ஆம்புலன்சுக்கு 995.