முன் பிரேக்கைத் தொடாத 30 ஆண்டுகள்

கேள்வி: 30 ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன். பெரிய விபத்து என்று ஒன்றுகூட இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், நெடுந்தூரம் போகத் துணை இருக்கட்டுமே என்று ஒரு பைக் பயணக் குழுவில் சேர்ந்தேன். முதல் பயணத்திலேயே என் மகன் வயதுள்ள ஒரு பையன், முன்னால் போகும் தலைவருக்கு அடுத்த வண்டியாக, அவர் கண்பார்வையிலேயே வரச் சொல்லிவிட்டான். இத்தனை நொடி இடைவெளி, இந்தப் பக்கம்தான் வர வேண்டும் என்று ஏகப்பட்ட சட்டம் வேறு. முன் பிரேக்கை நான் தொடுவதே இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னேன். "ஒருநாள் மைதானத்துக்கு வாங்க சார், பிரேக் பிடிச்சுப் பழகலாம்" என்கிறான். அனுபவத்துக்கு மரியாதையே கிடையாதா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவர் உங்களை 'சார்' என்கிறார். நீங்கள் அவரை 'அவன்' என்கிறீர்கள். மரியாதைக் குறைவு எந்தப் பக்கம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் பிரேக்குக்கு வருகிறேன்.

முன் பிரேக்கைத் தொடாமலே 30 ஆண்டுகள் ஓட்டியதைச் சாதனைபோல எழுதியிருக்கிறீர்கள். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடையும் உங்கள் எடையும் முன்பக்கம் சாய்கின்றன. முன் டயர் சாலையை அழுத்திப் பிடிக்கிறது, பின் டயர் லேசாகிவிடுகிறது. அதனால்தான் வண்டியை நிறுத்தும் சக்தியில் ஏறக்குறைய 70 சதவீதம் முன் சக்கரத்திடம் இருக்கிறது. நீங்கள் மிச்சத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கிறீர்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த சாலையில், இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடிப்பவர் பிரேக் பிடித்த இடத்திலிருந்து 20 மீட்டருக்குள் நின்றுவிட முடியும். பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் வேண்டும். அந்த இடைப்பட்ட தூரத்தில் ஒரு லாரியே நிற்கலாம்.

விபத்தே இல்லை என்கிறீர்கள். நல்லது, நீடிக்கட்டும். ஆனால் முழு பிரேக்கும் தேவைப்படும் நொடி இதுவரை வரவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். வந்தால் சமாளிப்பீர்கள் என்பதற்கு அது சான்று ஆகாது. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981இல் அறிக்கை கொடுத்தார்கள். ஆபத்து தொடங்கியதிலிருந்து மோதும்வரை ஓட்டுநருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு நொடிகூட இல்லை. அந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்கிறீர்களா? பெரும்பாலானவர்கள் பின் பிரேக்கை ஏறி மிதித்துச் சக்கரத்தைச் சறுக்கவிட்டார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவே இல்லை. ஒடித்து விலகும் திறமையோ அனேகமாக யாரிடமும் இல்லை. பதற்றத்தில் கையும் காலும் பழகியதைத்தான் செய்யும். உங்கள் கால் என்ன செய்யும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம் என்று யாரோ உங்களுக்குச் சொல்லித்தந்திருப்பார்கள். அந்தப் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. வண்டி சாய்ந்திருக்கும்போதோ, மணலிலோ, எடை முன்னால் வருவதற்குள் வெடுக்கென்றோ பிடித்தால் முன் சக்கரம் வழுக்கும். அதற்கு வழி, முதலில் மெல்லத் தொட்டு, எடை முன்னால் வர வர அழுத்தத்தைக் கூட்டுவது. இது சொல்லி வருவதில்லை. விரல் பழக வேண்டும். மைதானத்துக்கு அவர் உங்களை அழைத்தது இதற்காகத்தான்.

கை தெரிந்து வைத்திருப்பதெல்லாம் நமக்குத் தெரியும் என்று நினைப்பதும் ஓர் ஏமாற்றம். விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் அதற்கு முன் சைக்கிள் செய்து விற்றவர்கள். இருவரில் மூத்தவரான வில்பர், இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று பல சைக்கிளோட்டிகளைக் கேட்டாராம். கேட்டதும் முழுக்கச் சரியாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. உங்களையும் கேட்கிறேன். நல்ல வேகத்தில் போகும் வண்டியைச் சட்டென்று வலப்பக்கம் ஒடிக்க எந்தக் கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளுவீர்கள்? வலக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும், அப்போதுதான் வண்டி வலப்பக்கம் சாய்ந்து திரும்பும். யோசித்துத்தான் பதில் சொன்னீர்கள் என்றால், அந்த இரண்டு நொடி எப்போதோ முடிந்துவிட்டது.

இனி, தலைவருக்கு அடுத்த இடம். கற்றுக்குட்டியைப்போல் நடத்தினார்கள் என்று கோபப்படுகிறீர்கள். குழுவுக்குப் புதியவரை அங்கேதான் வைப்பார்கள், அவர் பழம் தின்று கொட்டை போட்டவராகவே இருந்தாலும். காரணம் கேளுங்கள். வளைவு முடிந்து முதல் வண்டி வேகம் எடுக்கும்போது இரண்டாம் வண்டி அரை நொடி தாமதித்து எடுக்கும், மூன்றாம் வண்டி இன்னும் தாமதிக்கும். இப்படிச் சேர்ந்துகொண்டே போய், கடைசி ஆள் விட்ட தூரத்தைப் பிடிக்க முதல் ஆளைவிட மிக வேகமாக ஓட்ட வேண்டியிருக்கும். முன்னால் 60 என்றால் பின்னால் 80கூட ஆகலாம். தலைவரை ஒட்டி வருபவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. கண்ணாடியில் உங்களைப் பார்த்து அவரே வேகத்தைக் குறைத்துக்கொள்வார். கடைசியில் வரும் ஸ்வீப் வேலையைக் கைதேர்ந்தவருக்குக் கொடுப்பதும் இதனால்தான். கௌரவம்தான் வேண்டும் என்றால் அந்த இடத்துக்கு ஆசைப்படுங்கள், ஆனால் நாளைக்கே கேட்காதீர்கள்.

இடைவெளிச் சட்டமும் அப்படியே. நேர்ச்சாலையில் ஒருவர் தன் தடத்தின் இடது பாதியில் போனால் அடுத்தவர் வலது பாதியில், ஒரு நொடி பின்னால். உங்கள் நேர் முன்னே போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு நொடி. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 33 மீட்டர். வளைவு வந்தால் எல்லோரும் ஒற்றை வரிசை. தனியாக ஓட்டும்போது பள்ளத்தைக் கண்டால் இஷ்டத்துக்கு விலகுவீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள். வரிசையில் அப்படி விலகினால் பக்கவாட்டில் வருபவரின் முன் சக்கரத்துக்குள் போய் நிற்பீர்கள். உங்கள் 30 ஆண்டும் தனியாக ஓட்டிய 30 ஆண்டு. வரிசையில் நீங்கள் புதியவர்தான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

குழு சொல்வதெல்லாம் வேதம் என்றும் நான் சொல்லவில்லை. தலைவர் முந்திவிட்டார் என்பதற்காகவே பின்னால் வருபவரெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு முந்துகிற கூட்டங்கள் உண்டு. எதிர்ச்சாலை அவருக்குக் காலியாக இருந்ததால் உங்களுக்கும் காலியாக இருந்துவிடாது. யாராவது "சீக்கிரம் வாங்க" என்று நெருக்கினால் ஓரங்கட்டி நில்லுங்கள். அப்படிப்பட்ட குழு வேண்டாம். நீங்கள் சொல்லும் பையன் அந்த ரகமாகத் தெரியவில்லை.

உங்களிடம் அவர்களுக்கு இல்லாத சரக்கும் இருக்கிறது. நிற்கும் காரின் முன் சக்கரம் லேசாகத் திரும்புவதை வைத்தே அது கிளம்பப்போகிறது என்று கண்டுகொள்வது, வளைவில் சிந்திய டீசலின் பளபளப்பு, மழையில் வழுக்கும் வெள்ளைக் கோடு. இதையெல்லாம் வண்டியை நிறுத்தி ஓய்வெடுக்கும்போது, கேட்டால் சொல்லுங்கள். "நாங்க ஓட்டாத வண்டியா" என்று மட்டும் தொடங்க வேண்டாம்.

மைதானத்துக்குப் போகுமுன் டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பழைய டயரோடு போய் பிரேக் பழகாதீர்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பித்து, கை பழகிய பிறகு கூட்டுங்கள். உங்கள் வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லை என்றால் அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏபிஎஸ் இருக்கும் வண்டியில் விடாமல் அழுத்தச் சொல்வார்கள். இல்லாத வண்டியில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் உடனே விட்டுவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும்.