வேரைத் தோண்டிப் பார்த்தீர்களா?

இந்த மாதம் தபாலில் வந்த கேள்விகள் ஐந்துதான். கொய்யா, தக்காளி, வாழை, உருளை என்று பயிர் வேறு வேறாக இருந்தாலும் குற்றவாளிகள் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள்: மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நூற்புழுக்கள். அதனால் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஆயக்குடி பக்கம் இரண்டு ஏக்கரில் லக்னோ-49 கொய்யா வைத்து மூன்றாம் வருஷம். இலை செம்பு நிறமாகி உதிர்கிறது. காய் எலுமிச்சை அளவோடு நின்றுவிடுகிறது. நுண்ணூட்டம் மூன்று முறை அடித்தாயிற்று. தண்ணீருக்குக் குறைவில்லை. பதினோரு மரம் காய்ந்துவிட்டது. அடுத்து என்ன தெளிக்கலாம் ஐயா?

பதில்: தெளிக்க ஒன்றும் இல்லை. ஸ்பிரேயரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மண்வெட்டியை எடுங்கள். காய்ந்த மரத்தடியில் தோண்டிப் பயனில்லை, அங்கே வேர் அழுகிப் போயிருக்கும். அதற்கு அடுத்து, இப்போதுதான் வெளுக்க ஆரம்பித்திருக்கும் மரத்தைப் பாருங்கள். தண்டிலிருந்து இரண்டடி தள்ளி, சொட்டுநீர் விழும் இடத்தில் ஒரு சாண் ஆழம் போதும். வருகிற வேர்க்கொத்தை வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். குழாயைத் திறந்து அடித்தால் சல்லி வேர் அறுந்து போகும்.

நல்ல கொய்யா வேர் நூல் மாதிரி சீராக ஓடும். உங்கள் வேர் உருத்திராட்ச மாலை போல முடிச்சு முடிச்சாக இருக்கும் என்று இங்கிருந்தே சொல்கிறேன். ஒரு முடிச்சை சவர பிளேடால் கீறி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். குண்டூசித் தலையைவிடச் சிறியதாக, முத்துப் போல வெள்ளையாக மின்னுகிறதே, அதுதான் பெண் புழு. வாயை வேரில் ஊன்றியபின் சாகும்வரை அதற்கு அதே இடம்தான். ஒவ்வொன்றும் சில நூறு முட்டை இடும். நம் ஊர்ச் சூட்டுக்கு ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். வேரில் தண்ணீர் ஏறும் குழாயே இப்படி வீங்கிக் கோணிக்கிடக்கும்போது நீங்கள் இலையில் அடித்த நுண்ணூட்டம் என்ன செய்யும்?

இது வேர்முடிச்சு நூற்புழு. கொய்யாவைக் காய வைப்பது அதில் மெலாய்டோகைனி என்டரோலோபி என்ற இனம். 1983-ல் சீனாவின் ஹைனான் தீவில், தூங்குமூஞ்சி மரத்துக்கு உறவான ஒரு மரத்தின் வேரிலிருந்து முதலில் விவரித்தார்கள். இந்தியாவில் இதன் முதல் பதிவு 2016-ல், அதுவும் கொய்யாவில்தான். நூற்புழு தாங்கும் என்று விற்கும் தக்காளி ரகங்களையும் இது விடுவதில்லை. ஆகவே காய்ந்த இடம் சும்மா கிடக்கிறதே என்று தக்காளி, கத்தரி, மிளகாய் வைத்துவிடாதீர்கள்.

தோட்டத்துக்கு எப்படி வந்தது? பெரும்பாலும் கன்றுப் பை மண்ணோடு நீங்களே காசு கொடுத்து வாங்கி வந்திருப்பீர்கள். சிரிக்கவில்லை, எனக்கும் அதுதான் நடந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாற்றுப்பண்ணையில் 120 கொய்யாக் கன்று வாங்கினேன், பெயர் வேண்டாம். இலை பளபளவென்று இருந்தது. பையைக் கிழிக்கும்போது வேரில் கட்டி தெரிந்தது. முப்பது வருஷம் மண்ணைப் பார்த்தவன், பை குறுகலாக இருந்ததால் வேர் சுருண்டுவிட்டது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற என் மனைவி, “இதென்ன, மஞ்சள் கிழங்கு மாதிரி இருக்கு?” என்று கேட்டாள். பதில் சொல்லாமல் குழியை மூடினேன். இரண்டரை வருஷத்தில் 43 மரம் போயிற்று. இப்போதெல்லாம் கன்று வாங்கப் போனால், “ஒரு கன்றுக்குக் காசு தருகிறேன், பையைக் கிழிக்கிறேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். முகம் சுளிக்கும் கடையில் வாங்குவதில்லை.

இனி இருக்கும் மரங்களுக்கு. காய்ந்தவற்றை வேரோடு பெயர்த்து அங்கேயே எரியுங்கள், அடுத்த வயல் வழியாக இழுத்துக்கொண்டு போக வேண்டாம். பர்ப்பூரியோசிலியம் லைலாசினம் என்ற பூஞ்சை இந்தப் புழுவின் முட்டையைத் தின்னும். பெசிலோமைசிஸ் என்ற பழைய பெயரில் கேட்டாலும் கடையில் கொடுப்பார்கள். அதில் இரண்டு கிலோவை ஒரு டன் மக்கிய தொழுவுரத்தில் கலந்து, நிழலில் ஈரச்சாக்கு மூடி 15 நாள் வையுங்கள். நடுவில் கிளறிவிடுங்கள், ஈரம் காயக்கூடாது. பிறகு மரத்துக்கு ஒரு சிறு கூடையும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் வேர்ப்பகுதியில் கொத்திவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விடாமல் செய்யவேண்டும். எல்லா மரமும் பிழைக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன். சல்லி வேரில் பாதியாவது வெள்ளையாக இருக்கும் மரம் மீளும், மற்றதற்குச் செலவழிக்காதீர்கள். நோய்ப் பகுதியில் கடைசியாக வேலை செய்யுங்கள், மண்வெட்டியைக் கழுவாமல் நல்ல மரத்தடிக்குப் போகாதீர்கள்.

கேள்வி: பழைய திமெட் குருணை வீட்டில் ஒரு டப்பா இருக்கிறது. நூற்புழுவுக்குப் போடலாமா?

பதில்: கூடாது. அது போரேட் என்ற பூச்சிமருந்து. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு நாடு முழுக்கப் பயன்படுத்தத் தடை. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்துவிட்டு, அப்புறப்படுத்த வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள். கிணற்று மேட்டில் கொட்டிவிடாதீர்கள்.

கேள்வி: செண்டுமல்லி வைத்தால் நூற்புழு ஓடிவிடும் என்று தக்காளி வயலின் வரப்பைச் சுற்றி வைத்தேன். தக்காளி வேரில் முடிச்சு அப்படியேதான் இருக்கிறது.

பதில்: வரப்பில் வைத்தீர்கள், வரப்பு சுத்தமாயிற்று! செண்டுமல்லியின் உயிருள்ள வேர் எட்டும் இடத்தில்தான் அந்த வேரில் உள்ள நஞ்சு புழுவைக் கொல்லும். அதனால் தக்காளிக்கு முன், வயல் முழுக்க நெருக்கி நட்டு இரண்டு மூன்று மாதம் விடவேண்டும். ஆயுத பூஜைக்குப் பூ வெட்டும்படி கணக்குப் பண்ணினால் பூக்காசும் கிடைக்கும், அதன் பிறகு செடியை மடக்கி உழுதுவிட்டுத் தக்காளி வைக்கலாம். தண்ணீர் வசதி இருந்தால் இன்னும் நல்லது ஒரு போகம் நெல். தேங்கிய தண்ணீரில் காய்கறிப் பயிரின் முடிச்சுப் புழு வெகுவாகக் குறைந்துவிடும்.

வயல் சுத்தமாகிவிட்டதா என்று அறிய எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. வயலில் ஏழெட்டு இடத்து மண்ணைக் கலந்து ஒரு தொட்டியில் நிரப்பி, சாதாரணத் தக்காளி நாற்று இரண்டு நடுங்கள். நாற்பது நாள் கழித்துப் பிடுங்கி அலசிப் பாருங்கள். மைக்ராஸ்கோப் வேண்டாம். நிலக்கடலை, தட்டைப்பயறு வேர் என்றால் மட்டும் ஏமாறாதீர்கள். அவற்றில் நல்ல பாக்டீரியா கட்டும் முடிச்சும் உண்டு. அது விரலால் தட்டினால் உதிர்ந்துவிடும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, உதிராது.

கேள்வி: லால்குடிப் பக்கம் வாழை. சின்னக் காற்றுக்கே தார் போட்ட மரம் கிழங்கோடு சாய்கிறது.

பதில்: காற்றைத் திட்டாமல் சாய்ந்த மரத்தின் வேரை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தில் செங்கருப்புக் கோடுகள் இருந்தால் குடையும் நூற்புழு. அந்த மரத்தின் கன்றை அடுத்த போகத்துக்கு எடுக்கவே கூடாது. சுத்தமான தோட்டத்துக் கன்றாக இருந்தாலும், வேர் அத்தனையும் செதுக்கி, கிழங்கின் மேல் தோலைச் சீவி, வெள்ளை தெரிந்த பிறகே நடுங்கள். திசு வளர்ப்புக் கன்று புழு இல்லாமல் வரும். புழு உள்ள மண்ணில் வைத்தால் அதற்கும் இதே கதிதான். நடவோடு பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைத்து 45-ம் நாள் மடக்கி உழுங்கள். திருச்சியிலேயே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, பிளந்த வேரோடு ஒரு நடை போய்வாருங்கள்.

கேள்வி: ஊட்டியில் உருளைக்கு மாற்றுப் பயிர் போடச் சொல்லி ஏன் வற்புறுத்துகிறார்கள்?

பதில்: அங்கே இருப்பது முட்டைக்கூடு நூற்புழு. 1961-ல் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் கண்டார். தாய் செத்தாலும் அதன் உடல் கடினக் கூடாகி, முட்டையை வருஷக்கணக்கில் மண்ணில் காக்கும். உருளை வேரின் வாசனை வந்தால்தான் பெரும்பாலான முட்டை பொரியும். முட்டைக்கோஸ், கேரட், பூண்டு என்று மூன்று நான்கு வருஷம் ஏமாற்றினால் எண்ணிக்கை குறையும். திரும்ப உருளை போடும்போது குஃப்ரி ஸ்வர்ணா போன்ற தாங்கும் ரகம் பாருங்கள்.

ஆயக்குடி வாசகர் பின்குறிப்பில், மண்ணைச் சோதனைக்கு அனுப்பி “புழு இல்லை” என்று பதில் வந்ததாக எழுதியிருக்கிறார். எப்படி அனுப்பினீர்கள் என்று போனில் கேட்டேன். “நல்லாக் காயவைச்சு, சலிச்சுத்தான் சார் அனுப்பினேன்” என்றார். உரச்சத்துப் பார்க்க அது சரி. நூற்புழு பார்க்க, காய்ந்தால் புழு செத்துப்போகும். அரை அடி ஆழத்து ஈரமண் கால் கிலோவும் ஒரு கைப்பிடி சல்லி வேரும் பாலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல், அன்றைக்கே கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நூற்புழுவியல் துறைக்கு எடுத்துப் போங்கள். பழனியிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறினால் பத்து மணிக்குள் போய்விடலாம்.